கையெழுத்துப் போட்ட ஜேனை எந்த நியாயத்தில் விடுவிப்பது?

திரைச்சீலை (கேள்வி; பதில் எழுதுபவர்களும் புனைபெயரிலேயே)

கனடாவின் நெல்வானா நிறுவனம் 1978இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘தி டெவில் அண்ட் டேனியல் மவுஸ்’ அனிமேஷன் படத்தைத் தழுவி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நடிக்க ஓர் இசை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீதிமன்றக் காட்சி வந்ததும் பேனா நகர மறுக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை: டேனியலும் ஜேனும் எலிகள். சேர்ந்து நாட்டுப்புறப் பாடல்கள் பாடிப் பிழைப்பவர்கள். இந்தப் பாட்டுக்கு இனிக் கூட்டம் வராது என்று அவர்களை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் டேனியல் தன் கிதாரை அடகு வைக்கப் போகிறான். தனியாக இருக்கும் ஜேன், ராக் பாடகியாகப் புகழ் பெற முடியுமானால் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று ஏங்குகிறாள். பி. எல். ஜெபப் என்ற பெயரில் சாத்தான் ஒப்பந்தத்தோடு வந்து நிற்கிறான். கையெழுத்து விழுகிறது. ஜேன் நட்சத்திரமாகிறாள். புகழின் உச்சியில் அவள் நிற்கும்போது ஆன்மாவை வசூலிக்க வருகிறான். அவள் டேனியலைத் தேடி ஓடுகிறாள். விசாரணை நடக்கிறது. கடைசியில் அவளை மீட்பது வாதம் அல்ல, ஒரு பாட்டு.

எங்கள் முதல் வாசிப்பில், சாத்தானாக நடிக்கும் சிறுமி வசனத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “புகழ் தருகிறேன் என்று சொன்னேன், தந்துவிட்டேன். அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பாட்டு நன்றாக இருந்தது என்பதற்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?” மற்றப் பிள்ளைகள் அனைவரும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. வறுமையில் டேனியல் கிதாரை அடகு வைத்தால் அது தியாகம். அதே வறுமையில் ஜேன் தன்னையே அடகு வைத்தால் அது பேராசை. அவள் கேட்டது அரியணை அல்ல. தன் குரலை நாலு பேர் கேட்க வேண்டும் என்று விரும்பினாள், அவ்வளவுதான். மேடையேறத் துடிக்கும் பிள்ளைகளிடம் அந்த ஆசையே பாவம் என்று கற்பிக்க நான் தயாராக இல்லை. ஜேனைக் குற்றவாளியாக்காமல், சாத்தானை முட்டாளாக்காமல் இந்த விசாரணையை எப்படி எழுதுவது?

ஒலிநாடா

படத்தின் பாடல்கள் ஜான் செபாஸ்டியனுடையவை. ‘லவ்விங் ஸ்பூன்ஃபுல்’ இசைக்குழுவை நடத்தி, 1966இல் ‘சம்மர் இன் த சிட்டி’ மூலம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். பிறகு குழுவை விட்டு விலகி, 1969இல் வூட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஒற்றைக் கிதாரோடு தனியாக நின்று பாடியவர். பெருங்கூட்டத்தின் ஆரவாரம், கையில் ஒரு கிதார் என்று ஜேனின் உலகமும் டேனியலின் உலகமும் அவருக்குத் தெரிந்தவையே. அதனால்தான் இரண்டு பக்கத்துப் பாட்டும் பொய்யாக ஒலிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சாத்தான் ஜேனுக்குக் கொடுத்தவற்றை எண்ணிப் பாருங்கள்: பெயர், உடை, வாத்தியக்காரர்கள், மேடை, கூட்டம். பாடும் திறனை அவன் கொடுக்கவில்லை. அது ஒப்பந்தத்துக்கு முன்பே அவளிடமும் டேனியலிடமும் இருந்தது. விசாரணையில் அந்தப் பாட்டு ஒலிப்பது கருணை மனு அல்ல, சாட்சியம்.

அடிக்குறிப்பு

ஒலிநாடா சொன்னதைத் தொடர்கிறேன். இசைத்துறை ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமிக்கு மழுப்பலான பதில் வேண்டாம். அவள் கேட்டது முதல்தரமான சட்டக் கேள்வி.

படத்தின் வேர், ஸ்டீஃபன் வின்சென்ட் பெனே 1936இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் எழுதிய ‘தி டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்’ என்ற சிறுகதை. நியூ ஹாம்ஷயர் விவசாயி ஜாபெஸ் ஸ்டோன், தொட்டதெல்லாம் நாசமாகும் வாழ்க்கை சலித்துப்போய் ஆன்மாவை விற்கிறான். கெடு நெருங்கியதும் மூன்றாண்டு நீட்டிப்பு வாங்குகிறான். அதுவும் தீரும்போது வெப்ஸ்டரிடம் போகிறான். வெப்ஸ்டர் நிஜ மனிதர். செனட்டராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர், நாவன்மைக்குப் பேர்போன வழக்கறிஞர்.

கதையில் அவர் முதலில் பிடிப்பது சட்டத்தைத்தான். அமெரிக்கக் குடிமகன் எவனையும் அந்நிய அரசனுக்கு ஊழியம் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறார். சாத்தான் அசரவில்லை. என்னையா அந்நியன் என்கிறீர்கள், இந்த மண்ணின் பூர்வகுடிக்கு முதல் அநீதி நடந்தபோது நான் அங்கே இருந்தேன், அடிமைகளைப் பிடித்துவர முதல் கப்பல் காங்கோவுக்குப் புறப்பட்டபோது அதன் தளத்தில் நின்றேன் என்கிறான். அந்த வாதம் அங்கேயே செத்துவிடுகிறது. பிறகு ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் குழு, வருகிறது: துரோகிகள், கடற்கொள்ளையன், கொடுங்கோலர்கள். நீதிபதியோ அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் அமர்ந்த ஹாத்தார்ன். ஆத்திரத்தோடு பேச எழும் வெப்ஸ்டர், அவர்கள் கண்களில் தெரியும் வெறி தன் கண்களிலும் ஏறிவிட்டது என்று உணர்கிறார். ஆத்திரத்தோடு பேசினால் தானும் அவர்கள் கைக்குள் போய்விடுவோம் என்று புரிகிறது. பேச்சை மாற்றுகிறார். புலரும் காலையின் புத்துணர்ச்சி, பசித்தவனுக்கு உணவின் ருசி, மனிதனாகப் பிறந்ததன் துயரமும் பெருமையும் என்று எளிய விஷயங்களைப் பேசுகிறார். ஜூரி ஸ்டோனை விடுவிக்கிறது. விடுவிக்கும்போதே, இந்தத் தீர்ப்பு சாட்சியத்துக்கு முழுக்கப் பொருந்தாது என்று அந்த ஜூரியே ஒப்புக்கொள்கிறது!

உங்கள் சிறுமி கண்டுபிடித்த இடைவெளியைப் பெனே மறைக்கவில்லை என்பது புரிகிறதல்லவா? அவருடைய கதையில் சட்டம் தோற்ற பிறகுதான் மனிதம் பேசுகிறது. எலிகளின் கதையில் அந்தப் பேச்சின் இடத்தில் பாட்டு வருகிறது. ஆகவே முதலில் சட்டம் முட்டி மோதித் தோற்கும் ஒரு கட்டம் உங்கள் நாடகத்துக்குத் தேவை. அது இல்லாமல் நேரே பாட்டுக்குத் தாவினால் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாகத்தான் உணர்வார்கள்.

ஆனால் “கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்” என்பது மனிதர்களின் சட்டத்தில்கூட முழு உண்மை இல்லை. டோனி மெக்காலே என்ற ஆங்கிலப் பாடலாசிரியர் 1966இல், இளம் வயதில், ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்தின் அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். காலம் ஐந்தாண்டு. ராயல்டி (பாடல்கள் ஈட்டும் பணத்தில் அவருக்கு வரும் பங்கு) 5,000 பவுண்டைத் தாண்டினால் தானாகவே பத்தாண்டாக நீளும். முன்பணம் 50 பவுண்டு. அவர் எழுதும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனமோ அவற்றில் ஒன்றைக்கூட வெளியிடக் கடமைப்பட்டதில்லை. வெளியிடாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் அவர் வேறிடம் போக முடியாது. வழக்கு மேலே மேலே போய், 1974இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பேரம் பேசும் வலு ஒரு பக்கம் மட்டுமே குவிந்திருந்ததா, நிபந்தனைகள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்த்தது. கையெழுத்து இருக்கிறதா என்பதோடு நின்றுவிடவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு வழி. 1978 ஜனவரி 1 அன்று, அதாவது இந்தப் படம் வந்த அதே ஆண்டில், நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளி எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் பெற வழி செய்கிறது. திரும்பக் கேட்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தாலும் அது செல்லாது. ஊதியத்துக்காகச் செய்து கொடுத்த படைப்புகளுக்கு மட்டும் விலக்கு. இளம் கலைஞன் தன் படைப்பின் மதிப்பை அறியாமல் கையெழுத்திடுகிறான் என்பதைச் சட்டம் இயற்றியவர்களே உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே டேனியலிடம் இரண்டு கேள்விகளைக் கொடுங்கள். அவள் கையெழுத்திட்டபோது பசியோடு இருந்தாள் என்பது உனக்குத் தெரியுமா? நீ கொடுத்ததற்கும் நீ கேட்பதற்கும் ஏதாவது பொருத்தம் உண்டா? சாத்தான் பதில் சொல்லட்டும். அவன் நன்றாகப் பதில் சொல்லட்டும்.

கடைசியாகத் தொழில்முறையில் ஓர் எச்சரிக்கை. செபாஸ்டியனின் பாடல்களையோ படத்தின் வசனங்களையோ அனுமதியின்றி மேடையேற்றாதீர்கள். பெனே 1943இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளில் அவர் கதையை யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் கணக்கு வேறு. பாத்திரங்களை நீங்களே உருவாக்கி, பாடல்களை நீங்களே எழுதுவதுதான் பாதுகாப்பு.

பன்னிரண்டு சட்டகம்

கையால் வரையும் அனிமேஷனில் பல காலம் வேலை செய்தவன். சட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை இயக்கிய கிளைவ் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் எதை வைத்துக் கதை சொன்னார்கள் என்பது தெரியும்: தாளம்.

இசைப் படத்தில் ஒலிப்பதிவு முதலில் முடியும். பிறகு அதைச் சட்டகம் (ஃபிரேம்) சட்டகமாகப் பிரித்துத் தாளில் குறிப்போம். நொடிக்கு 24 சட்டகம். நிமிடத்துக்கு 120 அடி கொண்ட பாட்டு என்றால், தாளத்தின் ஒவ்வோர் அடியும் சரியாகப் பன்னிரண்டாவது சட்டகத்தில் விழும். எலியின் கால் அங்கே தரையைத் தொட வேண்டும். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வரைந்தாலும், இருபத்தைந்து நிமிடப் படத்துக்கு ஒரே ஒரு பாத்திரத்துக்குப் பதினெட்டாயிரம் ஓவியம். அந்த உழைப்பில் யாரும் தேவையில்லாத பாட்டை வைக்க மாட்டார்கள். பாட்டு கதையை நகர்த்தியாக வேண்டும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை. ஒப்பந்தக் காட்சியை வசனமாக வைக்காதீர்கள். சாத்தான் ஒவ்வொரு நிபந்தனையாகப் பாடட்டும், ஜேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் பாடட்டும். போகப் போகத் தாளம் விரையட்டும். கடைசி நிபந்தனை வரும்போது அவளுக்கு மூச்சு விடவே இடமில்லாமல் போகட்டும். யோசிக்க அவகாசம் தரப்படவில்லை என்பது பார்வையாளருக்குக் காதாலேயே தெரிந்துவிடும். பிறகு நீதிமன்றத்தில் அதே மெட்டைப் பாதி வேகத்தில் திரும்ப வாசியுங்கள். ஒவ்வொரு நிபந்தனையும் இப்போது தெளிவாகக் கேட்கும்.

நெல்வானாவினர் இந்தக் கதையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதே விதையிலிருந்து 1983இல் ‘ராக் அண்ட் ரூல்’ என்ற முழுநீளப் படம் எடுத்தார்கள். அதில் மோக் என்ற மூப்படைந்த ராக் நட்சத்திரம், ஏஞ்சல் என்ற பாடகியின் குரலைக் கொண்டு ஒரு பூதத்தை வரவழைக்கப் பார்க்கிறான். லூ ரீட், டெபி ஹாரி, இகி பாப் எல்லாரும் பாடியிருந்தும் படம் வசூலில் படுத்து, நிறுவனத்தையே மூழ்கடிக்கப் பார்த்தது. என் மதிப்பில் வரைகலையில் அது பெரிய சாதனை. ஆனால் கதையின் கூர்மை அந்தச் சிறிய எலிப் படத்தில்தான் இருக்கிறது. ஏஞ்சலைக் கடத்திப்போய்ப் பாட வைக்கிறார்கள். ஜேன் தானே ‘சரி’ என்கிறாள். அந்தச் ‘சரி’தான் கதை.

இரண்டாம் குரல்

நான் பாடகி. ஜேனைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் ஓர் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டேன். பெயர் வேண்டாம். நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும் என் குரல்பதிவுகள் அவர்களுக்கே என்று எழுதியிருந்தது. அது வழக்கமான வாசகம்தான் என்றார்கள். வழக்கமானதுதான், உண்மை. முன்பணம் என்று கொடுத்தது எனக்கான சம்பளம் இல்லை. என் ராயல்டியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் தொகை. பதிவுக்கூடத்தின் செலவு, படப்பிடிப்பின் செலவு எல்லாம் அதே கணக்கில் ஏறின. என் பாட்டை ஊரெல்லாம் கேட்டார்கள், என் கணக்கு மட்டும் கடனிலேயே இருந்தது. அடுத்த தொகுப்பில் நான் எழுதிய பாடல்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பார்கள். எப்போதும் அன்பாகவே சொல்வார்கள்.

கதைகள் தவறவிடுவது இதைத்தான். சாத்தான் கடைசி நாளில் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போவதில்லை. முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறான். முதலில் எந்தப் பாட்டு என்பதை, பிறகு எந்தச் சுருதி என்பதை, பிறகு யாரோடு பாடுவது என்பதை. ஆன்மா என்று தனியாக ஒரு பொருள் இல்லை, அம்மா. இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஆன்மா.

ஆகவே நடுவில் ஒரு சின்னக் காட்சி வையுங்கள். புகழ் வந்தபின் ஒரு கச்சேரியில், டேனியலோடு பாடிய பழைய பாட்டைப் பாடட்டுமா என்று ஜேன் கேட்கிறாள். ஜெபப் கனிவோடு ‘அடுத்த ஊரில்’ என்கிறான். அடுத்த ஊரிலும் அதே பதில். ஒப்பந்தத்தில் அவளுடைய குரலைத் தருவதாக எழுதியிருக்கலாம், அந்தப் பாட்டைத் தருவதாக எழுதவில்லை. அது டேனியலுக்கும் பாதி சொந்தம். இரண்டு குரலில் பாடும் பாட்டை ஒருத்தி தனியாக எப்படி விற்க முடியும்?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீதிமன்றத்தில் டேனியல் பாடி அவளை மீட்பதாக எழுதாதீர்கள். முதல் வரியை ஜேனே தொடங்கட்டும். நடுங்கிக்கொண்டே தொடங்கினாலும் சரி. இரண்டாம் வரியில் அவன் சேரட்டும்.

திரைச்சீலை

அனைவருக்கும் நன்றி. ஒரே இரவில் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். அடிக்குறிப்பு சொன்னபடி டேனியல் முதலில் சட்டம் பேசுகிறான், சாத்தான் ஒவ்வொன்றையும் உடைக்கிறாள் (எங்கள் சாத்தான் சிறுமி என்பதால் ‘உடைக்கிறாள்’). பசியோடு இருந்தாள் என்பது தெரியுமா என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: “தெரியும். பசித்தவர்களிடம்தான் நான் போவேன். பசிக்காதவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கிறார்கள்.” அதை வாசித்துக் காட்டியதும் அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அடிக்குறிப்போடு ஒத்துப்போக முடியவில்லை. மெக்காலே வழக்கைப் போல, பாவம், ஏமாற்றப்பட்டாள் என்று முடித்தால் ஜேனின் ஆசை காணாமல் போய்விடுகிறது. அவள் விரும்பித்தான் போட்டாள். எங்கள் ஜேன் நீதிமன்றத்தில் அதைச் சொல்கிறாள்: “ஆமாம், கேட்டேன். இப்போதும் பாட ஆசைப்படுகிறேன். இவளுக்காகப் பாட விருப்பம் இல்லை.” அதன்பிறகு பாட்டு தொடங்குகிறது.

இரண்டு சிக்கல் பாக்கி. ஜேனாக நடிக்கும் பெண்ணுக்கு மேல் ஸ்தாயி எளிதாக வருகிறது, டேனியல் பையனுக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் வரியில் அவன் சேரும்போது பிசிறுகிறது. அடுத்தது, ஜூரிக்கு ஆள் போதவில்லை.

அடிக்குறிப்பு

நீங்கள் சொல்வது சரி. சட்டத்துக்கு அவள் பாதிக்கப்பட்டவளாக இருந்தால் போதும், நாடகத்துக்குப் போதாது. ஜூரிக்கு ஆள் தேட வேண்டாம், பார்வையாளர்களையே ஜூரியாக்குங்கள். ஆனால் தீர்ப்பை உண்மையாகவே அவர்களிடம் விடுங்கள். சாத்தான் வெல்லும் ஒரு முடிவையும் எழுதி ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி இவ்வளவு நன்றாக வாதாடினால் அது தேவைப்படலாம்.

இரண்டாம் குரல்

குரல் உடையும் பையனை அவளோடு மேலே இழுக்காதீர்கள், தொண்டை கெட்டுவிடும். அவனுக்கு எளிதாக எட்டும்படி கீழே, நகராத இரண்டு மூன்று ஸ்வரங்களில் ஒரு துணைவரி எழுதிக்கொடுங்கள். அவள் மெட்டைப் பாடட்டும், அவன் அடியில் நிற்கட்டும். அவன் குரல் வாரத்துக்கு வாரம் மாறும், ஆகவே மேடையேறும் முந்தின நாள் சுருதியை மறுபடி ஒரு முறை பாருங்கள். பாட்டின் வரிகளை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். துணைவரிக்கு ஸ்வரம் நான் எழுதித் தருகிறேன், ஒப்பந்தம் வேண்டாம்.